பணயக்கைதி: பிடித்தவன், பிடிபட்டவன், வெளியே நிற்பவன்

என் தங்கையின் மகளுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். புதுக்குடியிருப்பில் அவர்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்: “மாமா, கைதிக்கும் பணயக்கைதிக்கும் என்ன வித்தியாசம்?”

யோசிக்காமல் பதில் சொன்னேன். அரசாங்கம் பிடித்தால் கைதி, ஆயுதக்குழு பிடித்தால் பணயக்கைதி. அவள் விடவில்லை. “அப்படியென்றால் அரசாங்கம் யாரையும் பணயமாகப் பிடிக்காதா?”

என் பதில் பிழை என்பது அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. யார் பிடித்தார்கள் என்பதை வைத்து இந்தச் சொல்லின் பொருளைத் தீர்மானிக்க முடியாது. எதற்காகப் பிடித்தார்கள், யாரை அசைப்பதற்காகப் பிடித்தார்கள் என்று கேட்க வேண்டும். அன்று அவளுக்குச் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பிணை, அடகு, பணயம்

வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த அகராதி தேவையில்லை. 2007ஆம் ஆண்டு அம்மாவுக்குக் கண்ணில் வெண்புரை. சத்திரசிகிச்சைக்கு வவுனியா வரவேண்டும். நான் அப்போது வவுனியாவில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா, அம்மா, தங்கை மூவரும் கிளிநொச்சிப் பக்கம் இருந்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியை விட்டு வெளியே வருவதற்கு அவர்களுடைய பாஸ் வேண்டும். பாஸ் எடுப்பதற்கு, போகிறவர் திரும்பி வருவார் என்று வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். அப்பா நின்றார்.

ஒரு நீளக் கொப்பி. அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட பக்கம். முதல் கட்டத்தில் அம்மாவின் பெயர், பிறகு போகும் காரணம், திரும்பும் திகதி, கடைசிக் கட்டத்தில் அப்பாவின் பெயர். கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்த அப்பா அம்மாவிடம் சொன்னாராம்: “என்னை அடகு வைத்துவிட்டுப் போகிறாய். வட்டி ஏறுவதற்குள் வந்து மீட்டுவிடு.”

ஓமந்தைப் பாதை இடையில் பூட்டப்பட்டதால் அம்மா மூன்று நாள் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தார். அந்த மூன்று நாளும் காலையில் அப்பாவைக் கூப்பிட்டு, அலுவலகத்தின் முன்னால் கிடந்த வாங்கில் மதியம் வரை இருக்கச் சொன்னார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை. “இன்னும் வரவில்லையா ஐயா?” என்று மட்டும் கேட்டார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் அம்மா கறுப்புக் கண்ணாடியுடன் வந்து இறங்கினார். கதை அவ்வளவுதான்.

ஆனால் அப்பாவின் பகிடியில் விஷயம் முழுவதும் இருக்கிறது. காப்பை அடகு பிடிக்கிற கடைக்காரருக்கு அந்தக் காப்பின் மேல் ஆசை கிடையாது. காசு திரும்பி வரவேண்டும். அதற்காகக் காப்பு அவருடைய பெட்டிக்குள் கிடக்கிறது. அப்பாவை வாங்கில் இருத்தியவர்களுக்கும் அப்பாவிடமிருந்து ஆகவேண்டியது எதுவும் இல்லை. வவுனியாவில் கட்டிலில் படுத்திருந்த அம்மாவைத் திருப்பி இழுப்பதற்கான கயிறு அவர். அப்பா தானே கையெழுத்து வைத்தார் என்பதால் அவரைப் பணயக்கைதி என்று சட்டம் சொல்லாது. பிணைக்கும் பணயத்துக்கும் நடுவே இருப்பது அந்தச் சம்மதம் ஒன்றுதான். கையெழுத்து வைக்காமல் அம்மாவின் கண்ணைக் காப்பாற்றியிருக்க முடியாது என்னும்போது, அந்தச் சம்மதத்தின் எடை எவ்வளவு என்பதை நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

இலங்கைப் பத்திரிகைகளில் நீதிமன்றம் ஒருவரை வெளியே விடுவதற்குப் பெயர் ‘பிணை’. தமிழ்நாட்டில் அதை ஜாமீன் என்கிறார்கள். ‘பணயம்’ சூதாட்டத்துச் சொல். சூதாடுகிறவன் பொன்னை வைப்பான், நாட்டை வைப்பான். தருமன் தம்பிமாரை வைத்தான், தன்னை வைத்தான், கடைசியில் மனைவியை வைத்தான். வைக்கப்படுகிற பொருளிடம் யாரும் கேட்பதில்லை. பாஞ்சாலி சபையில் எழுப்பிய வழக்கே அதுதான்: தன்னைத் தோற்ற பிறகு என்னை வைப்பதற்கு உமக்கு என்ன உரிமை? சபையிலிருந்த பெரியவர்களால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

‘மீட்பு’ என்ற சொல்லையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அடகு நகையை மீட்கிறோம், ஆளையும் மீட்கிறோம். கீழே அந்தச் சொல் திரும்ப வரும்.

மூன்று பேர் இருந்தால்தான் கணக்கு

1979 டிசம்பர் 17ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபை, பணயக்கைதிகளாகப் பிடிப்பதற்கு எதிரான ஒரு சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றி ஆறு வாரம் ஆகியிருந்த நேரம் அது. அங்கே பிடிபட்டவர்களில் 52 பேர் 444 நாள்கள் உள்ளே இருந்தார்கள். அந்தச் சமவாயத்தின் முதலாவது உறுப்புரை சொல்வதை வீட்டுத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: ஒருவரைப் பிடித்தோ தடுத்தோ வைத்துக்கொண்டு, கொல்வேன், காயப்படுத்துவேன், அல்லது விடாமலே வைத்திருப்பேன் என்று மிரட்டி, வேறொரு தரப்பை ஏதாவது ஒன்றைச் செய்யவோ செய்யாமல் விடவோ நெருக்கினால், பிடிபட்டவர் பணயக்கைதி. நிபந்தனையை ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும் என்பதில்லை. சொல்லாமல் உணர்த்தினாலும் போதும்.

ஆக, மூன்று பேர் வேண்டும். பிடித்தவன், பிடிபட்டவன், வெளியே நிற்பவன். மூன்றாமவன் இல்லையென்றால் அது கடத்தலாக இருக்கலாம், சிறைவைப்பாக இருக்கலாம், கொலையாகக்கூட முடியலாம், பணயமாக முடியாது.

இலங்கைக்காரர்கள் மறக்க முடியாத ஒரு உதாரணம் உண்டு. 1982 ஜூன் 30ஆம் திகதி சேபால ஏக்கநாயக்க என்பவர் இத்தாலிய விமானம் ஒன்றைப் பாங்கொக்கில் நிறுத்தி வைத்துக்கொண்டார். அவருடைய மனைவியும் பிள்ளையும் இத்தாலியில் இருந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து தரவேண்டும், 3,00,000 டொலரும் வேண்டும் என்பது கோரிக்கை. விமானத்திலிருந்த பயணிகளோடு அவருக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் பேசியது உரோமாபுரியோடு. பயணிகள் அவர் கையிலிருந்த ஒலிவாங்கி மாதிரி. மனைவியும் பிள்ளையும் வந்தார்கள், காசும் வந்தது, கொழும்பில் இறங்கியபோது அவரைப் பார்க்கச் சனமும் திரண்டது. அவரைத் தண்டிப்பதற்குப் பொருத்தமான சட்டம் அப்போது இலங்கையில் இல்லை. அவசர அவசரமாகப் புதிதாக ஒன்றை இயற்றித்தான் உள்ளே போட்டார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 1984 மே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் ஓர் அமெரிக்கத் தம்பதியை ஈ.பி.ஆர்.எல்.எப். என்ற தமிழ் ஆயுத இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. சிறையிலிருந்த தோழர்களை விடவேண்டும், தங்கமும் தரவேண்டும் என்றார்கள். சில நாள்களில் அந்தத் தம்பதியைக் காயமின்றி விட்டுவிட்டார்கள். இங்கேயும் அதே மூன்று பேர்தான்.

இனி ஒரு மறுபக்கம். 2002 செப்டெம்பரில், சமாதான காலத்தில், ஓமந்தையில் கைதிப் பரிமாற்றம் நடந்தது. புலிகள் வைத்திருந்த படையினர் 7 பேர் இந்தப் பக்கம் வந்தார்கள். அரசு வைத்திருந்த புலி உறுப்பினர்கள் 13 பேர் அந்தப் பக்கம் போனார்கள். இவர்கள் போரில் பிடிபட்டவர்கள். போரில் பிடிபட்டவனை வைத்திருப்பது அவன் திரும்ப வந்து சண்டை பிடிக்காமல் இருப்பதற்காக. ஆனால் ‘இன்னதைச் செய்யாவிட்டால் இவனைச் சுடுவோம்’ என்று ஒரு தரப்பு சொல்லிவிட்டால், அந்த நிமிடமே அவன் பணயக்கைதி ஆகிவிடுகிறான். கூடு மாறாது, காவல்காரன் மாறமாட்டான், ஆளின் நிலை மட்டும் மாறும்.

மருமகளின் இரண்டாவது கேள்விக்கும் இங்கேதான் பதில். தேடப்படுகிறவன் வீட்டில் இல்லை. வந்தவர்கள் அவனுடைய தகப்பனையோ தம்பியையோ ஏற்றிக்கொண்டு போய், “அவன் வந்து சரணடைந்தால் இவரை விடுவோம்” என்கிறார்கள். ஏற்றிப் போனவர் எந்தச் சீருடை போட்டிருந்தாலும், தம்பி அங்கே பணயம்தான். இந்த மண்ணில் அப்படி ஏற்றப்பட்டவர்களைத் தெரியாத தெரு கிடையாது.

ஒரு காலத்தில் இது முறையாக இருந்தது

அரசர்கள் உடன்படிக்கை செய்தால் பிள்ளைகளைப் பிணையாகக் கொடுப்பார்கள். 1792இல் திப்பு சுல்தான் தன் இரண்டு மகன்மாரை ஆங்கிலேயத் தளபதி கோர்ன்வாலிஸிடம் ஒப்படைத்தது அப்படித்தான். சேர வேண்டிய பணம் சேரும்வரை பிள்ளைகள் வெள்ளைக்காரனிடம் இருந்தார்கள். பட்டு மெத்தை கிடைத்த பணயங்கள்.

இரண்டாம் உலகப் போரில் மெத்தை போய்விட்டது. ஜேர்மன் படை பிடித்த நாடுகளில் ஊரவர்களைப் பிடித்து வைத்து, தங்கள் படையினர்மீது தாக்குதல் நடந்தால் இவர்களைச் சுடுவோம் என்று அறிவித்தார்கள், சுட்டார்கள். போர் முடிந்து நியூரம்பேர்க்கில் அந்தத் தளபதிகளை விசாரித்த நீதிமன்றம், 1948இல், கடுமையான சில நிபந்தனைகளோடு பணயக்கைதிகளைக் கொல்வதற்கு அன்றைய போர்ச்சட்டத்தில் இடமிருந்தது என்று சொல்லிவிட்டது. பலர் திடுக்கிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1949 ஆகஸ்டில் எழுதப்பட்ட நான்காவது ஜெனீவா சாசனத்தில் 34ஆம் உறுப்புரை ஒரே ஒரு வரி: பணயக்கைதிகளாகப் பிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. விதிவிலக்கு எதுவும் கிடையாது. உள்நாட்டுப் போருக்கென்று உள்ள பொது உறுப்புரை 3 அதே தடையை அரசாங்கத்துக்கும் போடுகிறது, எதிர்த்துச் சண்டை பிடிக்கிற குழுவுக்கும் போடுகிறது. இலங்கை 2000ஆம் ஆண்டில் இதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது.

முற்றுகை எப்படி நடக்கிறது

பணயக்கைதிகளோடு ஒரு கட்டடத்துக்குள் ஆயுததாரிகள், வெளியே சுற்றிவரப் படை: இதைத்தான் செய்திகளில் முற்றுகை என்கிறார்கள். இதில் இரண்டு முற்றுகை ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் சனத்தை வளைத்து வைத்திருக்கிறார்கள். அவர்களைப் படை வளைத்து வைத்திருக்கிறது. நடுவில் இருக்கிற சனத்துக்கு இரண்டு வளையமும் சேர்ந்துதான் ஒரு சுவர்.

ஒரு பிரதேசக் கிளர்ச்சியின் ஆயுததாரிகள் இந்த முறையைத் திரும்பத் திரும்பக் கையாண்டதற்கு, ரஷ்யாவிலிருந்து பிரிந்துபோகக் கேட்ட செச்னியாவில் நடந்த போர் பெரிய உதாரணம். 1995 ஜூனில் செச்னியத் தளபதி ஷமில் பசயெவ் தன் ஆள்களோடு புடியோனொவ்ஸ்க் என்ற தென்ரஷ்ய ஊரில் ஆஸ்பத்திரி ஒன்றைப் பிடித்தார். உள்ளே 1,500 பேருக்கு மேல். படை உள்ளே நுழையப் பார்த்துத் தோற்றது. கடைசியில் ரஷ்யப் பிரதமர் செர்னொமிர்டின் தொலைபேசியில் பசயெவோடு பேசினார். அதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பேச்சுக்கு உடன்பட்டார்கள், ஆயுததாரிகள் பஸ் ஏறிப் போனார்கள். அதற்குள் நூறு பேருக்கு மேல் செத்திருந்தார்கள். ‘பிடித்தால் அரசாங்கம் பேசும்’ என்று ஒரு பக்கம் கற்றுக்கொண்டது. ‘இனி இப்படித் தலைகுனியக் கூடாது’ என்று மறுபக்கம் கற்றுக்கொண்டது. இரண்டு பாடமும் பிறகு சனத்தின் தலையில்தான் விடிந்தது.

2002இல் செச்னிய ஆயுததாரிகள் பிடித்து வைத்திருந்த மொஸ்கோ நாடக அரங்கில் படை மயக்கவாயுவை உள்ளே விட்டது. பணயக்கைதிகள் 130 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் அந்த வாயுவால்.

பிறகு பெஸ்லான். 2004 செப்டெம்பர் 1, ரஷ்யாவில் பள்ளிக்கூடம் தொடங்கும் நாள். பிள்ளைகள் பூங்கொத்தோடு வருவார்கள், தாய்மார் கைக்குழந்தையோடு பின்னால் வருவார்கள். வட ஒசெட்டியாவிலுள்ள அந்த ஊரின் முதலாம் இலக்கப் பாடசாலையில் அன்று 1,100 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். உடற்பயிற்சி மண்டபத்துக்குள் அடைத்து, கூடைப்பந்து வளையங்களுக்கு இடையில் கயிறு கட்டிக் குண்டுகளைத் தொங்கவிட்டார்கள். ரஷ்யப் படை செச்னியாவை விட்டு வெளியேற வேண்டும் என்பது கோரிக்கை. வெக்கையில் பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டு இருந்தார்கள். தண்ணீர் கொடுக்கவில்லை.

நான் பெஸ்லானைப் பற்றி வாசித்தவற்றில் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது குண்டு அல்ல, ஓர் எண். உள்ளே 354 பேர் இருக்கிறார்கள் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். ஊர் முழுக்கத் தெரியும் அது பொய் என்று. எந்த வீட்டில் எத்தனை பிள்ளை இல்லை என்று கூட்டினாலே கணக்கு வந்துவிடும். உள்ளே தொலைக்காட்சியில் அந்த எண்ணைக் கேட்ட ஆயுததாரிகள் சினந்தார்கள் என்று உயிர்தப்பியவர்கள் பிறகு சொன்னார்கள். ‘உங்களை யாருக்கும் தேவையில்லை’ என்பதற்கு அந்த எண்ணே சாட்சி ஆகிவிட்டது. முற்றுகைக்குள் இருக்கிறவரைக் குறைத்து எண்ணுவது சிறிய விஷயமாகத் தோன்றும். வெளியே இருக்கிறவன் எத்தனை பேருக்காகப் பொறுமையாக இருக்கப் போகிறான் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது.

முற்றுகையில் பேசுகிறவர்களின் தொழில், நேரத்தை நீட்டுவது. பிடித்த முதல் மணித்தியாலங்களில் எல்லோருடைய கையும் நடுங்கும், அப்போது ஆபத்து அதிகம். நேரம் போகப்போக களைப்பு வரும், பசி வரும், சின்னச் சின்னப் பரிமாற்றங்கள் நடக்கும்: தண்ணீருக்கு இரண்டு முதியவர், மருந்துக்கு ஒரு குழந்தை. பெஸ்லானிலும் இரண்டாம் நாள் அயல் குடியரசான இங்குஷெத்தியாவின் முன்னாள் ஜனாதிபதி ருஸ்லான் அவுஷெவ் ஒற்றை ஆளாக உள்ளே போய், தாய்மாரும் கைக்குழந்தைகளுமாக 26 பேரை வெளியே கொண்டுவந்தார். பெருவின் லீமா நகரில் ஜப்பானியத் தூதுவரின் இல்லத்தில் 1996 டிசம்பர் 17 தொடங்கிய முற்றுகை 126 நாள் இழுத்தது. முடிவில் படை நுழைந்தபோது உள்ளே எஞ்சியிருந்த 72 பணயக்கைதிகளில் ஒருவர்தான் இறந்தார்.

பெஸ்லானில் மூன்றாம் நாள் மதியம் மண்டபத்துக்குள் வெடித்தது. அதன்பின் நடந்ததில் இறந்தவர்கள் 334 பேர். அவர்களில் 186 பேர் பிள்ளைகள். 2017 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ரஷ்ய அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. முன்னரே தகவல் கிடைத்தும் தடுக்கவில்லை. கட்டளையிட ஒழுங்கான தலைமை இல்லை. பணயக்கைதிகள் உள்ளே இருக்கும்போதே டாங்கிப் பீரங்கியையும் நெருப்பெறிகுண்டுகளையும் பாவித்தார்கள் என்று நீதிமன்றம் கண்டது. பிள்ளைகளைப் பிடித்தவர்களின் குற்றத்தை அந்தத் தீர்ப்பு ஒரு துளியும் குறைக்கவில்லை. வெளியே நின்றவனுக்கும் தனிக் கணக்கு உண்டு என்று சொன்னது.

இதை வாசிக்கும்போது ‘ஸ்டொக்ஹோம் மனநிலை’ என்று ஒன்று உங்கள் கண்ணில் படும். 1973இல் ஸ்வீடன் வங்கி ஒன்றில் ஆறு நாள் பிடிபட்டிருந்தவர்கள் பொலிஸைவிடப் பிடித்தவனை நம்பினார்கள் என்பதிலிருந்து வந்த பெயர். எனக்கு அந்தப் பெயரில் பெரிய மரியாதை கிடையாது. சுவரை உடைத்துக்கொண்டு வரப்போகிறவனின் குண்டுக்குப் பயப்படுவதற்கு மனநோய் வேண்டியதில்லை.

2009

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். 2009 ஜனவரி 2ஆம் திகதி புலிகளின் கையிலிருந்த கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. சனம் கிழக்கே நகர்ந்தது: விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், பிறகு கடற்கரை. அந்த ஜனவரியில் அரசாங்கம் சுமார் 35 சதுர கிலோமீற்றரைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. பெப்ரவரியில் புதுமாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான கரையோரத் துண்டு, 14 சதுர கிலோமீற்றர். மே மாதத்தில் அதிலும் மிகச் சிறிய ஒரு துண்டு. உள்ளே சிக்கியிருந்தவர்கள் ஏறத்தாழ 3,30,000 பேர் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் எழுதியது. போர் நடந்தபோது அரசு தரப்புச் சொன்ன எண் 70,000. உணவும் மருந்தும் அனுப்புவதற்கும் அந்த மாதிரி எண்தான் அளவுகோல். 354 என்ற எண்ணை நான் ஏன் மறக்கவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

உள்ளே இருந்தவர்கள் பணயக்கைதிகளா? இந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்களிடையே இன்றைக்கும் குரல் உயராமல் பேச முடியாது. என் தங்கை சொல்வதை வைத்துத்தான் நான் பார்க்கிறேன். கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது அவளை யாரும் இழுத்துப் போகவில்லை. எறிகணைக்கும், இராணுவம் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் பயந்து போனாள். உடையார்கட்டில் எல்லோரும் போகிறார்கள் என்று போனாள். மாத்தளனில் மார்ச் மாதம் பிள்ளை பிறந்தபின் வெளியேறத்தான் நினைத்தாள், முடியவில்லை. வெளியேற முயன்றவர்கள்மீது சூடு நடந்தது. ஒரே ஆள், மூன்று மாதத்துக்குள் மூன்று நிலை. சமவாயத்தில் ‘பிடித்தல்’ என்பதோடு ‘தடுத்து வைத்தல்’ என்பதையும் சேர்த்து எழுதியிருப்பது இதனால்தான். தானாக வந்தவரும் போகவிடாத நாளிலிருந்து பணயக்கைதி ஆகலாம்.

நிபுணர் குழு அந்தச் சொல்லை நேராகவே பாவித்தது. புலிகள் மக்களை வெளியேற விடவில்லை, அவர்களைப் பணயக்கைதிகளாக வைத்திருந்தார்கள், தப்பியோடியவர்களைச் சுட்டார்கள், பொதுமக்களுக்கு அருகில் ஆயுதங்களை வைத்துப் பாவித்தார்கள் என்பவற்றுக்கு நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டு என்றது. ஆனால் ‘மனிதக் கேடயம்’ என்ற சொல்லில் மட்டும் ஒரு நுணுக்கம் பார்த்தது. சட்டத்தில் கேடயம் என்றால், தாக்குதலிலிருந்து காப்பதற்கென்றே ஆட்களை வேண்டுமென்று இராணுவ இலக்கின் பக்கம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அப்படி நகர்த்தியதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை, ஆகவே வெளியேற விடாததைச் சட்டப்படி மனிதக் கேடயக் குற்றம் என்று சொல்ல முடியாது, அது வேறு குற்றம் என்று எழுதியது. பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் இரண்டு சொல்லையும் ஒன்றாகப் போட்டுக் குழைக்கிறார்கள். கேடயம் என்பது குண்டைத் தடுக்க. பணயம் என்பது ஆளை அசைக்க. கேடயமே ஆனாலும், அதைச் சாட்டி மறுபக்கம் கண்ணை மூடிக்கொண்டு சுடலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

மூன்றாமவன் யார் என்று பார்த்தால், வெளியே நின்ற இராணுவமும் அதற்கு அப்பால் நின்ற உலகமும்தான். படை தயங்க வேண்டும், வெளிநாடுகள் தலையிட வேண்டும். சனம் உள்ளே இருந்தால்தான் இரண்டுக்கும் இடமுண்டு. இது என் கணிப்பு. இரண்டும் நடக்கவில்லை.

அரசாங்கம் இதை மனிதாபிமான நடவடிக்கை என்றது. உலகின் மிகப் பெரிய பணயக்கைதி மீட்பு என்றும் சொல்லிக்கொண்டது. அந்தச் சொல்லை எடுத்தவர் அதோடு வரும் பொறுப்பையும் தூக்கத்தானே வேண்டும். உள்ளே இருப்பவர்கள் பணயம் என்று தெரிந்தால் கை இன்னும் கூசவேண்டும். ஆனால் பாதுகாப்பு வலயங்களுக்குள்ளேயே எறிகணை விழுந்தது, வைத்தியசாலைகள்மீது விழுந்தது, இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்களில் பெரும்பாலோர் அரச படைகளின் எறிகணையால் இறந்தார்கள் என்று அதே நிபுணர் குழு எழுதியது.

என் தங்கை அங்கே தைத்த மூட்டைகளைப் பற்றிச் சொல்வாள். மாத்தளன் கடற்கரை மணல். பங்கர் வெட்டினால் சரிந்து விழும். மண் மூட்டைக்குச் சாக்கு இல்லை. சேலைகளை வெட்டி ஊசி நூலால் பை தைத்து, மணல் நிரப்பி, விளிம்பில் அடுக்கினார்கள். கூறைச்சேலைகூட அப்படிப் போனது. மேலே தறப்பாள். அவளுடைய பங்கரின் வாசல் மூட்டை அம்மாவின் மயில்கழுத்து நிறச் சேலை. வவுனியாவில் கண் சத்திரசிகிச்சைக்கு வந்தபோது நான் எடுத்துக் கொடுத்தது.

ஏப்ரல் 20ஆம் திகதி இராணுவம் மாத்தளன் மண்ணணையை உடைத்தது. அடுத்த சில நாளில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். என் வீட்டார் மூன்று பேரும், ஒரு மாதக் குழந்தையும் அந்தக் கூட்டத்தில் வந்தார்கள். செய்தியில் ‘மீட்கப்பட்டவர்கள்’ என்றார்கள்.

மீட்கப்பட்டவர்கள் முட்கம்பிக்குள் போனார்கள். செட்டிகுளம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் 2,80,000 பேருக்கு மேல் இருந்தார்கள். வாசலில் காவல். 2009 டிசம்பர் வரை விரும்பியபடி வெளியே போய்வர முடியாது. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அடகு நகையைக் கடையில் மீட்டவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் தன் பெட்டியில் பூட்டி வைத்தால் அதற்கு என்ன பெயர் என்று மருமகள் கேட்டாள். சட்டத்தில் அதற்கு ‘எதேச்சையான தடுத்துவைப்பு’ என்று பெயர் என்றேன். பணயம் என்று சொல்வதற்கு அங்கே ஒரு நிபந்தனையைக் காட்டவேண்டும். அவளுக்கு அந்தப் பதில் திருப்தியில்லை, எனக்கும் இல்லை. ஆனால் சொல்லைச் சரியாகப் பாவிக்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டு இருக்கிற நான், எங்களுக்கு நடந்தது என்பதற்காக அதை நீட்ட முடியாது.

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை உறவினர் பொறுப்பெடுக்கலாம் என்று அறிவித்தபோது, கிராம சேவையாளரின் கடிதத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு முகாம் வாசல், ஒரு மேசை, அதன்மேல் ஒரு நீளக் கொப்பி. அப்பாவைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். பெயர், வயது, ஊர். கடைசிக் கட்டத்தில் பொறுப்பெடுப்பவர் என்று என் பெயரை எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அப்பா கொஞ்சம் குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பகிடி ஒன்றும் விடவில்லை. “அம்மாவை எப்போது விடுவார்கள்?” என்று மேசையில் இருந்தவரிடம் கேட்டார்.

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது.